புழு போனது, முட்டை இருக்கிறது: பவளத் தொட்டி கேள்வி – பதில்

பவளத் தொட்டி, அதாவது உயிருள்ள பவளங்களை வளர்க்கும் கடல்நீர்த் தொட்டி, வைத்திருப்போர் இந்த முறை அனுப்பிய கடிதங்களில் பாதிக்கு மேல் பூச்சித் தொல்லையைப் பற்றியவை. "எந்த மருந்து போடுவது?" என்றே பெரும்பாலானோர் கேட்டிருக்கிறார்கள். மருந்தின் பெயரைச் சொல்வது எளிது. ஆனால் தொட்டிக்குள் புகுந்திருப்பது எந்த உயிர், அது எப்படிப் பெருகுகிறது, முட்டையை எங்கே ஒட்டிவைக்கிறது என்பவற்றை அறியாமல் போடப்படும் மருந்து, பூச்சியை விட்டுவிட்டுப் பவளத்தையே வதைக்கும். ஆகையால் மருந்தைக் கேட்டவர்களுக்கும் முதலில் உயிரைப் பற்றித்தான் எழுதியிருக்கிறேன். பொறுமையாகப் படிக்க வேண்டுகிறேன்.

கேள்வி: ஓராண்டாக நன்றாக வளர்ந்துவந்த, கிளைகளாகப் பிரியும் என் அக்ரோபோராப் பவளங்கள், இரண்டு மாதங்களாக அடிப்பகுதியிலிருந்து வெளிறிக்கொண்டே வருகின்றன. காரத்தன்மை, கால்சியம், மக்னீசியம் எல்லாம் சரியாக இருக்கின்றன. விளக்கொளியைக் குறைத்துப் பார்த்தும் பயனில்லை. உற்றுப் பார்த்தால் பூச்சி எதுவும் தென்படவில்லை. ஒருமுறை அயோடின் கரைசலில் முக்கி எடுத்தேன். சில நாட்கள் தேறியது போலிருந்து மீண்டும் பழைய நிலைக்கே வந்துவிட்டன. என்ன காரணம்?

பதில்: நீரின் அளவுகள் சரியாக இருந்து, வெளிறல் அடியிலிருந்தும் நிழல் விழும் பக்கத்திலிருந்தும் மேலே ஏறினால், நான் முதலில் சந்தேகப்படுவது அக்ரோபோராவைத் தின்னும் தட்டைப்புழுவைத்தான். வளர்ப்போர் பல ஆண்டுகளாக இதனுடன் போராடி வந்திருந்தாலும், 2011ஆம் ஆண்டில்தான் இது முறைப்படி விவரிக்கப்பட்டு அமாகுசாபிளானா அக்ரோபோரே என்ற பெயரைப் பெற்றது. இப்போது புரோஸ்தியோஸ்டோமம் என்னும் பேரினத்தில் வைத்திருக்கிறார்கள். தொட்டிகளில் முதலில் அறியப்பட்டு, அதன் பிறகே ஆஸ்திரேலியாவின் கிரேட் பேரியர் ரீஃபில் இயற்கையான பவளத்தின் மீது கண்டறியப்பட்டது என்பது இதன் வரலாற்றில் கவனிக்க வேண்டிய செய்தி. கடலில் இதைத் தேடிக் கண்டுபிடிப்பதே கடினமாக இருக்க, தொட்டிக்குள் ஒரு பவளத்திலிருந்து அடுத்த பவளத்துக்கு ஒரு சாண் தூரம்கூட இல்லாத நெருக்கத்தில், இது தடையின்றிப் பெருகிவிடுகிறது.

உங்கள் கண்ணில் படாததில் வியப்பில்லை. இந்தப் புழு தான் தின்ற பவளத்தின் பாசி உயிரணுக்களை உடலிலேயே தங்கவைத்துக்கொள்வதால், எந்தக் கிளையில் ஒட்டியிருக்கிறதோ அந்தக் கிளையின் நிறத்தையே பெற்றுவிடும். புழுவைத் தேடாமல் அதன் கடித்தடத்தைத் தேடுங்கள். வெளிறிய கிளையின் மீது வட்ட வட்டமாக, ஏறக்குறைய ஒரே அளவில் வெண்புள்ளிகள் தெரிந்தால் அது பெரும்பாலும் இதன் வேலை. உறுதி செய்துகொள்ள ஒரு வழி உண்டு. அந்தப் பவளத்தை எடுத்து, தொட்டி நீர் நிரப்பிய வெள்ளைக் கிண்ணத்தில் வைத்து, ரப்பர் குமிழ் பொருத்திய குழாயால் கிளைகளின் இடுக்குகளிலும் அடிப்புறத்திலும் நீரை வேகமாகப் பீய்ச்சுங்கள். நான் முதன்முதலில் இப்படிச் செய்தபோது, நனைந்த மெல்லிய காகிதத் துணுக்கு போல ஒன்று கிளையிலிருந்து பிய்ந்து சுழன்று கிண்ணத்தின் அடியில் விழுந்தது. சதைத் துணுக்கு என்றுதான் நினைத்தேன். சில நொடிகள் கழித்து அதன் ஓரம் அலைபோல நெளிந்தது. பிறகு விரிந்து, வழுவழுப்பான நீள்வட்டமாகி, கிண்ணத்தின் சுவரில் ஏறத் தொடங்கியது. அன்று அந்த ஒரு பவளத்திலிருந்து மட்டும் பதினேழு புழுக்கள் விழுந்தன. அதுவரை பல வாரங்களாக நான் காரத்தன்மையைக் கூட்டியும் குறைத்தும் அந்தப் பவளத்தை மேலும் நலிவடையச் செய்திருந்தேன் என்பதை நினைத்தால் இன்றும் மனம் வருந்துகிறது.

இனி, நீங்கள் முக்கி எடுத்தும் ஏன் திரும்பி வந்தது என்பதற்கு வருகிறேன். மருந்துக் குளியல், அதாவது நாம் டிப் என்று சொல்வது, புழுவைக் கொல்லும் அல்லது பிடியை விடச் செய்யும்; முட்டையை ஒன்றும் செய்யாது. எந்த டிப்பும் முட்டையை நம்பத்தக்க வகையில் அழிப்பதில்லை. முட்டைகள் பொன்னிறமும் பழுப்பும் கலந்த சிறு கூட்டங்களாக, உயிர்த்தசை நீங்கி எலும்பு வெளிப்பட்ட இடத்தில், குறிப்பாக அடிப்பகுதியிலும் கிளைகளின் கீழ்ப்புறத்திலும் ஒட்டியிருக்கும். ஒவ்வொரு உறைக்குள்ளும் ஒன்றுக்கு மேற்பட்ட குஞ்சுகள் வளர்கின்றன. நீரின் வெப்பநிலையைப் பொறுத்து அவை பொரிக்க இரண்டு மூன்று வாரங்கள்கூட ஆகலாம். நீர் குளிர்ந்திருந்தால் இன்னும் தாமதமாகும். ஆகவே ஒரே ஒரு டிப் போட்டுவிட்டு நிறுத்துவது, களையின் தலையை மட்டும் கிள்ளிவிட்டு வேரை விட்டுவைப்பதற்குச் சமம்.

செய்ய வேண்டியது இது. தொட்டியில் உள்ள அக்ரோபோராக்கள் அனைத்தையும், நோயுற்றது நோயற்றது என்று பிரிக்காமல் வெளியே எடுங்கள். ஒவ்வொன்றையும் டிப் போட்டு, நீரைப் பீய்ச்சி, பூதக்கண்ணாடி வைத்து முட்டையைத் தேடிச் சுரண்டி எடுங்கள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்க வேண்டிய வேலை இதுதான். சுரண்ட முடியாத இடுக்கில் முட்டை இருந்தால் அதன் மேல் கெட்டியான சூப்பர் க்ளூவைப் பூசி மூடிவிடலாம். அடிப்பகுதி பெரும்பாலும் இறந்துபோன பவளமாக இருந்தால், நலமான கிளை நுனிகளை மட்டும் வெட்டிப் புதிய பிளக்கில், அதாவது பவளத் துண்டை ஒட்டிவைக்கும் சிறு அடிக்கட்டையில், ஒட்டிவிட்டு அடிப்பகுதியை எறிந்துவிடுவதே நல்லது. மனம் வராதுதான், ஆனால் முட்டையில் பெரும்பகுதி அதில்தான் இருக்கிறது. பிறகு எல்லாவற்றையும் அக்ரோபோரா இல்லாத வேறொரு தொட்டியில் வைத்து, வாரம் ஒருமுறை வீதம் குறைந்தது ஆறு வாரங்களுக்கு டிப் போடுங்கள். இப்படி இடைவெளி விட்டுத் தொடர்வதன் நோக்கம், பொரித்து வரும் குஞ்சு வளர்ந்து புதிதாக முட்டையிடுவதற்கு முன் அதைப் பிடித்துவிடுவது. அதே காலத்தில் பெரிய தொட்டியில் தங்கிவிட்ட முட்டைகள் பொரித்தாலும், தின்ன அக்ரோபோரா இல்லாமல் குஞ்சுகள் பட்டினியால் மடியும். புழு கடைசியாகத் தென்பட்ட நாளிலிருந்து இந்த ஆறு வாரக் கணக்கைத் தொடங்க வேண்டும். முதல் டிப் போட்ட நாளிலிருந்து அல்ல.

பாறையோடு படர்ந்து வளர்ந்துவிட்டதால் எடுக்கவே முடியாத பவளம் இருந்தால், நாள்தோறும் நீரைப் பீய்ச்சி விழும் புழுக்களை வலையில் பிடிக்கலாம். மஞ்சள் ராஸ், ஆறுகோட்டு ராஸ் போன்ற மீன்கள் விழுகின்ற புழுக்களைக் கொத்தித் தின்னும். அவை எண்ணிக்கையைக் குறைக்கும். ஒழித்துவிடும் என்று நம்பி மற்ற வேலையை நிறுத்திவிடாதீர்கள்.

கேள்வி: தட்டுப்போலப் படர்ந்து வளரும் என் மோன்டிபோராப் பவளத்தின் ஓரம் வெண்மையாகிக்கொண்டே வருகிறது. அடியில் திருப்பிப் பார்த்தால் அரிசி நொய்யை விடச் சிறிய வெள்ளைப் பூச்சிகள், உடலெங்கும் விரல்கள் போல நீட்சிகள். இதுவும் தட்டைப்புழுதானா?

பதில்: இல்லை. நீங்கள் விவரிப்பது மோன்டிபோராவைத் தின்னும் ஓடில்லாக் கடல் நத்தை, அதாவது நுடிபிராங்க். ஃபெஸ்டில்லா சபோடியோசா என்று 2020இல் பெயர் பெற்றது. தட்டைப்புழுவுக்குச் சொன்ன முறையே இதற்கும் பொருந்தும்: வெளியே எடுத்தல், டிப், பீய்ச்சுதல், முட்டையைச் சுரண்டுதல், வாரம் ஒருமுறை திரும்பச் செய்தல். வேறுபாடு என்னவென்றால், இதன் முட்டைகள் தட்டின் கீழ்ப்புறத்தில் வெண்ணிறச் சிறு கொத்துகளாக இருப்பதால் தேடுவது சற்று எளிது. ஆனால் இது பெருகும் வேகம் அதிகம் என்பதால் ஒரு வாரத்தைத் தவறவிட்டாலும் முதலிலிருந்து தொடங்க வேண்டிவரும். வெண்மையான ஓரத்துக்கும் நிறம் மாறாத தசைக்கும் இடையிலான எல்லைக்கோட்டில்தான் அவை மேய்ந்துகொண்டிருக்கும். விளக்கு அணைந்து ஒரு மணி நேரம் கழித்துச் சிவப்பு ஒளியில் பாருங்கள்.

கேள்வி: புதிதாக வாங்கிய உயிர்ப்பாறையில் (நுண்ணுயிர்கள் குடியேறிய கடற்பாறை) கண்ணாடி போன்ற ஒரே ஒரு சிறு கடல் சாமந்தி இருந்தது. அழகாக இருக்கிறதே என்று விட்டுவைத்தேன். பிறகு அது ஐப்டேசியா என்று நண்பர் சொன்னதால் கத்தரியால் வெட்டி எடுத்தேன். இப்போது அந்த இடத்தைச் சுற்றிப் பத்துப் பன்னிரண்டு முளைத்துவிட்டன. எலுமிச்சைச் சாறு, வெந்நீர் என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். எதைச் செய்வது?

பதில்: வெட்டியதுதான் பெருகியதற்குக் காரணம். ஐப்டேசியா தன் அடித்தட்டிலிருந்து சிறு சதைத் துணுக்குகளைக் கழற்றிவிட்டே பெருகும் இயல்புடையது. ஒவ்வொரு துணுக்கும் புதிய உயிராக வளரும். நீங்கள் கத்தரியால் செய்தது, அது தானாகச் செய்வதை விரைவுபடுத்தியதாகிவிட்டது. அதன் கொட்டும் இழைகள் அருகிலிருக்கும் பவளத்தைச் சுடும் என்பதால் விட்டுவைக்கவும் கூடாது.

பத்துப் பன்னிரண்டு மட்டும் என்றால் சுண்ணாம்புக் குழம்பு போதும். மீன்தொட்டிக்கென்று விற்கப்படும் கால்சியம் ஹைட்ராக்சைடுத் தூளைச் சிறிது தூய நீரில் குழைத்து, கெட்டியான குழம்பாக்கி, முனை மழுங்கிய ஊசி பொருத்திய சிரிஞ்சில் எடுத்துக்கொள்ளுங்கள். நீரோட்டப் பம்புகளை நிறுத்திவிட்டு, நிழல்கூட அதன் மீது விழாதபடி பக்கவாட்டிலிருந்து மெல்ல நெருங்கி, விரிந்திருக்கும் வாயின் மீது ஒரு சொட்டு வையுங்கள். தீண்டப்பட்டதை உணர்ந்து அது சுருங்கும்போது குழம்பையும் சேர்த்து உள்ளே இழுத்துக்கொள்ளும். அந்த நொடியில் மேலும் சிறிது வைத்துத் துளையையும் மூடிவிடுங்கள். அவசரப்பட்டுக் குத்தினால் அது பாறைக்குள் ஒடுங்கிக்கொள்ளும், குழம்பு வெளியே சிதறும், இரண்டு நாட்களில் அது திரும்ப எட்டிப்பார்க்கும். கால் மணி நேரம் கழித்துப் பம்புகளை இயக்குங்கள். ஒரே நாளில் மூன்று நான்குக்கு மேல் வேண்டாம். சுண்ணாம்பு நீரின் பி.ஹெச். அளவை உயர்த்திவிடும். கையுறையும் கண்ணாடியும் அணிவது கட்டாயம். எலுமிச்சைச் சாறும் வெந்நீரும் சில சமயம் வேலை செய்யும்; ஆனால் அரைகுறையாகச் சிதைந்த ஐப்டேசியா மீண்டும் துணுக்குகளை விடும் என்பதால் நான் அவற்றைப் பரிந்துரைப்பதில்லை.

எண்ணிக்கை நூற்றைத் தாண்டிவிட்டால் சிரிஞ்சால் ஈடுகொடுக்க முடியாது. அப்போது அதைத் தின்னும் உயிர்களை விட வேண்டும். பெப்பர்மின்ட் இறால் நல்ல தேர்வு. ஆனால் முதுகு வளைந்து வெண்கோடுகள் தெளிவாகத் தெரியும் ஒட்டக இறாலை அதுவென்று எண்ணி வாங்கிவிடுவோர் பலர். அது ஐப்டேசியாவைத் தொடாது, மென்பவளத்தைக் கிள்ளும். இன்னொன்று பெர்கியா என்னும் சிறு கடல் நத்தை. ஐப்டேசியாவைத் தவிர வேறெதையும் தின்னாது என்பதே அதன் சிறப்பும் அதன் துயரமும். ஐப்டேசியா தீர்ந்ததும் அது பட்டினியால் இறந்துவிடும். ஆகையால் வேலை முடிந்ததும் அதைப் பிடித்து, தேவைப்படும் இன்னொருவரிடம் ஒப்படைத்துவிடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். நம் தொட்டியைக் காப்பாற்றிய உயிர் அது.

கேள்வி: பூப்போல விரியும் சிறு உயிர்களான என் சோவாந்திட் கூட்டத்தில் பாதி பூக்கள் வாரக்கணக்கில் திறக்கவே இல்லை. அவற்றில் ஏதோ பூச்சி இருக்கிறது. பாறையோடு வெந்நீரில் போட்டு எடுத்தால் பூச்சி செத்துவிடுமா?

பதில்: தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். கடிதத்தைப் படித்ததும் முதலில் இந்தப் பதிலைத்தான் எழுதினேன். சோவாந்திட், பாலித்தோவா வகைகள் சிலவற்றில் பாலிடாக்சின் என்னும் கடுமையான நச்சு உண்டு. அவை ஒட்டிய பாறையைக் கொதிக்க வைத்ததாலும், மைக்ரோவேவில் வைத்ததாலும், வெந்நீரில் தேய்த்துக் கழுவியதாலும், எழுந்த ஆவியை மூச்சில் இழுத்துக் குடும்பத்தோடு மருத்துவமனையில் சேர்க்கப்பட்டவர்கள் உண்டு. வெட்டும்போது கண்ணில் தெறித்துப் பார்வை பாதிக்கப்பட்டவர்களும் உண்டு. ஆகவே சோவாந்திட்டைத் தொடும்போதெல்லாம் கையுறையும் கண்ணாடியும் அணியுங்கள். கையில் காயம் இருக்கும் நாளில் தொடவே தொடாதீர்கள். துலக்கிய பிரஷை வேறெதற்கும் பயன்படுத்தாதீர்கள்.

இனிப் பூச்சிக்கு வருவோம். இரண்டில் ஒன்றாக இருக்கும். ஒன்று, சோவாந்திட்டைத் தின்னும் நுடிபிராங்க். பூவின் விளிம்பில் இருக்கும் இழைகளைப் போலவே உடல் முழுதும் இழைகளும், தின்ற பூவின் நிறமும் கொண்டிருப்பதால், மூடிய பூ ஒன்று நகர்வது போலத் தோன்றினால்தான் அது தெரியும். மற்றொன்று சன்டயல் நத்தை. கறுப்பும் வெண்மையும் கட்டங்கட்டமாக அமைந்த, வட்டமான, தட்டையான ஓடு. பூக்களின் தண்டுகளுக்கு நடுவே ஒளிந்திருக்கும். நத்தையை இடுக்கியால் எடுத்துவிட்டால் முடிந்தது. நுடிபிராங்க் என்றால் டிப் போட்டு, தண்டுகளுக்கிடையில் சுருள் நாடா போல ஒட்டியிருக்கும் முட்டைகளை மெல்ல எடுத்து, வாரந்தோறும் தொடர வேண்டும். எதுவும் அகப்படாவிட்டால், நீரோட்டம், ஒளி, அண்மையில் செய்த இடமாற்றம் ஆகியவற்றை ஆராயுங்கள். சோவாந்திட் பூச்சியில்லாமலும் மூடிக்கொள்ளும்.

கேள்வி: இரவில் டார்ச் அடித்துப் பார்த்தபோது, இறந்த பவளத்தின் மேல் முள்புழு ஒன்று ஊர்ந்துகொண்டிருந்தது. அதுதான் கொன்றிருக்குமா? பொறி வைத்துப் பிடித்துவிடலாமா?

பதில்: பெரும்பாலும் இல்லை. சாதாரண முள்புழுக்கள் அழுகியதைத் தின்று தொட்டியைத் துப்புரவாக வைப்பவை. இறந்த பவளத்தைத் தேடி வந்திருக்கும். நெருப்புப்புழு எனப்படும், அடர்ந்த வெண்முடிக் கொத்துகளும் சிவந்த செவுள் கொத்துகளும் கொண்ட தடித்த வகை மட்டுமே பவளத்தைத் தின்பது. அது அல்ல என்றால் விட்டுவிடுங்கள். வெறுங்கையால் எதையும் தொடாதீர்கள். முள் குத்தினால் ஒட்டும் நாடாவை அழுத்தி இழுத்து எடுக்கலாம்.

கேள்வி: மணலும் பாறையும் துருப்பிடித்தது போலச் செம்பழுப்பு நிறத் தட்டைப்புழுக்களால் மூடியிருக்கின்றன. ஒரே நாளில் அத்தனையையும் கொன்றுவிடும் மருந்து கிடைக்கிறது என்கிறார்கள். போடலாமா?

பதில்: போடலாம், ஆனால் இன்றைக்கு வேண்டாம். வால்முனை மூன்றாகப் பிரிந்திருந்தால் அது சிவப்புத் தட்டைப்புழு என்று வளர்ப்போர் அழைக்கும் வகை. அது பவளத்தைத் தின்பதில்லை. தன் உடலில் வாழும் பாசிக்கு வெயில் காய்வதற்காகப் பவளத்தின் மேல் படர்ந்து ஒளியை மறைக்கிறது. ஆபத்து அது உயிரோடு இருக்கும்போது அல்ல, சாகும்போதுதான். ஆயிரக்கணக்கில் ஒரே நேரத்தில் இறந்தால் அவற்றின் உடலிலிருந்து வெளியேறும் நச்சு மீன்களைக் கொன்றுவிடும்.

ஆகவே மருந்துக்கு முன் கைவேலை. மெல்லிய குழாயால், நாள்தோறும் சிறிது நேரம், இரண்டு மூன்று வாரங்களுக்கு உறிஞ்சி எடுங்கள். உறிஞ்சிய நீரை மெல்லிய வலைப்பையில் வடித்தால் நீரை வீணாக்காமல் புழுக்களை மட்டும் அகற்றலாம். தேடினால்தான் கிடைக்கும் என்ற அளவுக்கு எண்ணிக்கை குறைந்த பிறகே மருந்து. அன்று நச்சை ஈர்த்துக்கொள்ளும் புதிய ஆக்டிவேட்டட் கார்பனைத் தயாராக வைத்திருங்கள். தொட்டி நீரில் நான்கில் ஒரு பங்கையாவது மாற்றும் அளவுக்கு உப்புநீரை முன்தினமே கலந்து, வெப்பநிலையும் உப்பளவும் சரிபார்த்து வையுங்கள். மருந்து போட்டதும் புழுக்கள் சுருண்டு மிதக்கும். அவற்றை உடனுக்குடன் உறிஞ்சிக்கொண்டே இருக்க வேண்டும். மீன்கள் மூச்சுத் திணறுவதைக் கண்டால் காத்திருக்காமல் கார்பனையும் நீர் மாற்றத்தையும் தொடங்கிவிடுங்கள்.

கேள்வி: சிவப்புப் பூச்சிக்கு நாய்களுக்குக் கொடுக்கும் இதயப்புழு மாத்திரையைப் போடலாம் என்று கேள்விப்பட்டேன். உண்மையா?

பதில்: உண்மை. டெகாஸ்டெஸ் அக்ரோபோரானஸ் என்னும் அந்தச் சிவப்புப் பூச்சி, அரை மில்லிமீட்டர் அளவே உள்ள ஓட்டுடலி. அக்ரோபோராவின் மேல் மட்டும் வாழும். மில்பிமைசின் ஆக்சைம் என்ற அந்த மருந்து ஓட்டுடலிகளைக் கொல்வது. அதனால்தான் பூச்சியோடு சேர்த்து உங்கள் இறால்களையும் நண்டுகளையும், நீர் ஆரோக்கியத்துக்குத் தேவையான கோப்பிபாட் என்னும் நுண்ணிய ஓட்டுடலிகளையும் அது கொன்றுவிடும். பெரிய தொட்டிக்குள் போடுவதைவிட, பவளங்களைத் தனிப் பாத்திரத்தில் வைத்துச் சிகிச்சை அளிப்பதையே நான் விரும்புவேன். மருந்தை விலங்கு மருத்துவரின் வழியாக மட்டுமே பெறுங்கள். இந்தப் பூச்சியின் முட்டைக்கும் மருந்து எட்டாது என்பதால் வாரம் ஒன்றாக மூன்று முறை தேவைப்படும்.

கேள்வி: புதிய பவளம் வாங்கும்போதெல்லாம் டிப் போட்டுத்தான் விடுகிறேன். அப்படியும் தனித் தொட்டி அவசியமா? அதற்கு என்னென்ன வேண்டும்?

பதில்: மேலே எழுதியவற்றிலேயே விடை இருக்கிறது: டிப் முட்டையைக் கொல்வதில்லை. ஆகவே அவசியம்.

பெரிய ஏற்பாடு எதுவும் தேவையில்லை. நாற்பது ஐம்பது லிட்டர் கொள்ளும் சிறு தொட்டி, ஒரு ஹீட்டர், ஒரு சிறு பம்பு, பவளம் வாழும் அளவுக்கு ஒரு விளக்கு, வெகுநாள் ஓடிய தொட்டியிலிருந்து எடுத்த ஒரு வடிகட்டிப் பஞ்சு. மணலும் பாறையும் வேண்டாம். அடிப்பரப்பு வெறுமையாக இருந்தால் விழுந்த புழு உடனே தெரியும். நீர் 25 முதல் 26 டிகிரி வரையிலும், உப்படர்த்தி 1.025 அளவிலும், பெரிய தொட்டியின் காரத்தன்மைக்கு நெருக்கமாகவும் இருக்கட்டும். நீர் குறைவு என்பதால் ஆவியாகும் நீரை நாள்தோறும் ஈடுசெய்ய மறக்கக்கூடாது. சிறு தொட்டியில் பவளம் சாவதற்குப் பூச்சியைவிட இந்த மறதிதான் பெரும்பாலும் காரணமாக இருக்கிறது.

பவளம் வந்த அன்றே, அது ஒட்டியிருக்கும் பிளக்கைக் கழற்றி எறிந்துவிடுங்கள். நான் முன்பு சொன்ன பதினேழு புழுக்களும் அப்படி ஒரு பிளக்கின் அடியில் இருந்த முட்டைகளிலிருந்து வந்தவையாகத்தான் இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். பவளத்தை டிப் போட்டேன், நன்றாகக் கழுவினேன், பிளக்கோடு அப்படியே பாறையில் ஒட்டிவிட்டேன். கழற்ற வராத பிளக் என்றால், தசை தொடும் எல்லைக்குச் சற்று மேலே கிளையை வெட்டி எடுத்துப் புதிய பிளக்கில் ஒட்டுங்கள். பிறகு முதல் ஆறு வாரங்கள் வாரம் ஒரு டிப். ஒவ்வொரு முறையும் குளித்த நீரைக் கொட்டுவதற்கு முன் வெள்ளைக் கிண்ணத்தில் தேங்க விட்டு, கால் மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள். என்ன விழுந்தது, எத்தனை விழுந்தது என்று தேதியோடு குறித்துவையுங்கள். கடைசியாக விழுந்த தேதிக்கு அடுத்த நாளிலிருந்து ஆறு வாரங்கள் எண்ணி, அதுவரை ஒன்றும் விழவில்லை என்றால் பெரிய தொட்டிக்கு மாற்றலாம்.